வன்னிக்குள் சுற்றும் டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸா, எக்ஸ்ஃபேட்டா?

கிளிநொச்சியில் எடுக்கிற கலியாண வீடியோ புதுக்குடியிருப்பில் எடிட் ஆகிறது, அல்பம் வவுனியாவில் அச்சாகிறது. அவ்வளவு பெரிய கோப்புகளை டேட்டாவில் அனுப்பக் கட்டாது. ஒரே ஹார்ட் டிஸ்க் பஸ்ஸில் போய்வருகிறது. எடிட் செய்கிற இடத்தில் விண்டோஸ் 10. அச்சுக்கடையில் இன்னும் விண்டோஸ் 7, பழைய பிரிண்டருக்கு அதற்கு மேல் டிரைவர் இல்லையாம். என் மேசையில் உபுண்டு லினக்ஸ். மூன்று இடத்திலும் திறக்கவேண்டும், எழுதவேண்டும், பிழை வந்தால் திருத்தவும் முடியவேண்டும். இந்த டிஸ்க்கை எந்தக் கோப்பு முறைமையில், அதாவது கோப்புகளை டிஸ்க்கில் ஒழுங்குபடுத்தி வைக்கிற எந்த முறையில், ஃபோர்மட் செய்வது, ஃபேட்32இலா, எக்ஸ்ஃபேட்டிலா, என்டிஎஃப்எஸிலா என்று பார்த்து, கடைசியில் என்டிஎஃப்எஸ் பக்கம் நின்றுவிட்டேன். அதனால் இந்த அலசல் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஃபேட்32 பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஏற்காது, கலியாண வீடியோவுக்கு அது காணாது. பாட்டு, பிடிஎஃப் கொண்டுபோகிற சின்னப் பென் டிரைவுக்கும் பழைய டிவிக்கும் அது போதும்.

எக்ஸ்ஃபேட் உண்மையிலேயே நல்ல போட்டியாளர். 2006இல் வந்தது. பெரிய கோப்பு பிரச்சினையில்லை. விண்டோஸ் 7 தானாகவே படிக்கும், எழுதும். லினக்ஸில் முன்பு தனியாக ஒரு பொதி நிறுவவேண்டி இருந்தது. 2019இல் மைக்ரோசொஃப்ட் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. உரிமையாளர், அனுமதி என்ற தொல்லையும் இல்லை. என்டிஎஃப்எஸில் அந்தத் தொல்லை இருக்கிறது: ஒரு மெஷினில் உருவாக்கிய கோப்புறை இன்னொரு மெஷினில் 'அனுமதி இல்லை' என்று முறைக்கும். செக்யூரிட்டிப் பக்கத்தில் எவ்ரிவன் என்று சேர்த்து முழு அனுமதியும் கொடுத்தால் சரி. ஆனால் அதை அச்சுக்கடைப் பொடியனுக்குப் போனில் விளங்கப்படுத்துவது வேறு விஷயம்.

இவ்வளவு வசதி இருந்தும் எக்ஸ்ஃபேட்டை நான் விட்டதற்குக் காரணம் கரண்ட். 2022இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு பார்த்தவர்கள் நாங்கள். இப்போது அப்படி இல்லை, ஆனாலும் மாரி மழை தொடங்கினால், ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால், எடிட்டிங் மெஷின் சொல்லாமல் கொள்ளாமல் அணையும். எல்லாக் கடையிலும் யூபிஎஸ் இல்லை. இருக்கிற யூபிஎஸ்ஸிலும் பற்றரி செத்துக் கிடக்கும். ஆகவே நான் பார்த்தது ஒன்றைத்தான்: எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க்கில் என்ன மிஞ்சும்?

ஒரு கோப்பை எழுதும்போது டிஸ்க்கில் பல இடங்கள் மாறவேண்டும்: கோப்புறைப் பட்டியல், எந்த இடம் காலி என்ற வரைபடம், துண்டுகள் எந்த வரிசையில் தொடர்கின்றன என்ற அட்டவணை. எக்ஸ்ஃபேட் இவற்றைத் தனித்தனியாக எழுதும். இடையில் கரண்ட் போனால் ஒன்று மாறியிருக்கும், மற்றது மாறியிருக்காது. எது சரி என்று சொல்ல அங்கே குறிப்பேடு எதுவும் இல்லை. பழைய ஃபேட்32 கூட அந்த அட்டவணையை வழமையாக இரண்டு பிரதி வைத்திருக்கும், எக்ஸ்ஃபேட் பொதுவாக ஒன்றுதான். அதனால்தான் சில நேரம் ஒரு கோப்பு மட்டுமல்ல, முழுக் கோப்புறையுமே குப்பை எழுத்தாகத் தெரிகிறது. பிறகு விண்டோஸின் டிஸ்க் திருத்தும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டினால் ஃபவுண்ட்.000 என்ற மறைந்த கோப்புறைக்குள் பெயரில்லாத துண்டுகளாக வந்து கிடக்கும். மணமகள் எது, மாப்பிள்ளை வீட்டார் எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவேண்டியதுதான்.

என்டிஎஃப்எஸ் 1993இலேயே ஒரு பதிவேட்டோடு வந்தது. என்ன மாற்றப்போகிறேன் என்பதை முதலில் அதில் எழுதிவிட்டுத்தான் மற்ற இடங்களைத் தொடும். கரண்ட் வந்து திரும்ப இணைத்ததும் அந்தப் பதிவேட்டைப் பார்த்துப் பாதியில் நின்றதை முடிக்கும், அல்லது பழைய நிலைக்குக் கொண்டுபோகும். பிரதியாகிக்கொண்டிருந்த அந்த ஒரு வீடியோ போகலாம். பதிவேடு காப்பாற்றுவது கோப்புறைக் கட்டமைப்பை, கோப்பின் உள்ளடக்கத்தை அல்ல. ஆனால் மற்றக் கலியாணங்கள் அப்படியே இருக்கும். எனக்கு அது போதும்.

ஆனால் பழைய விண்டோஸும் புதிய விண்டோஸும் மாறி மாறித் தொட்டால் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கிலும் பிழை வருவதுண்டு. ஏன்? இந்தப் பதிவேட்டால்தான். விண்டோஸ் 8 தொடக்கம் அதன் வடிவம் 1.1இலிருந்து 2.0 ஆகிறது. டிஸ்க்கை ஒழுங்காகக் கழற்றினால் விண்டோஸ் அதைத் திரும்ப 1.1 ஆக்கிவிட்டுத்தான் விடும். சும்மா இழுத்தால் 2.0ஆகவே நிற்கும். விண்டோஸ் 7க்கு அது விளங்காது, உடனே செக்டிஸ்க் ஓட்டத் தொடங்கும். "அண்ணை, உங்கடை டிஸ்க் சாகப்போகுது" என்று வவுனியாவிலிருந்து போன் வரும். டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை.

இதைவிட ஆபத்தானது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8இல் வந்தது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல், கர்னலை அப்படியே சேமித்துவிட்டுத் தூங்கும். அந்த நேரத்தில் செருகியிருந்த டிஸ்க்கின் நிலையும் அதன் நினைவில் இருக்கும். நீங்கள் அதைக் கழற்றி வேறு மெஷினில் எழுதிவிட்டுத் திரும்பச் செருகினால், விண்டோஸ் தன் பழைய நினைவை நம்பி எழுதத் தொடங்கலாம். அங்கேதான் உண்மையான சேதம். லினக்ஸ் இதில் கவனம்: டிஸ்க் ஒழுங்காக மூடப்படாமல் 'அசுத்தமான' நிலையில் இருக்கிறது என்று சொல்லி, படிக்க மட்டும் விடும், அல்லது திறக்கவே மறுக்கும். அதை வற்புறுத்தித் திறக்கிற வழிகள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. தொடவேண்டாம். என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற லினக்ஸ் கருவியும் சின்னப் பிழைகளைத் திருத்தி அந்த 'அசுத்தம்' என்ற அடையாளத்தைத் துடைக்கும், அவ்வளவுதான். அது செக்டிஸ்க்குக்கு மாற்று இல்லை.

எனவே டிஸ்க் போகிற புதிய விண்டோஸ் மெஷின்களில், கைவைக்க முடிந்த இடமெல்லாம், கன்ட்ரோல் பனலுக்குள் பவர் ஒப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவைத்தேன். அடுத்தவன் மெஷினில் கைவைக்க முடியாத இடத்தில், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுக்கச் சொல்கிறேன். ரீஸ்டார்ட் கொடுத்தாலும் முழுதாகத்தான் அணைந்து எழும். பிழை வந்தால் திருத்துவது புதிய விண்டோஸில்தான், அச்சுக்கடையில் அல்ல. 'ஃபோர்மட் செய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்று மூடிவிட்டு முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்ப்பது நல்லது. பழைய சிபியூவின் முன்பக்க யூஎஸ்பியில் கரண்ட் போதாமல் வருகிற பிழைகள் கோப்பு முறைமைப் பிழை மாதிரியே இருக்கும். டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் கேட்டால் செக்டிஸ்க் ஓட்டாமல், எடுக்க முடிந்ததை முதலில் எடுங்கள்.

முழுதும் லினக்ஸ் என்றால் லினக்ஸின் சொந்தக் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 இருக்கிறதே என்பார்கள். சரிதான், ஆனால் அங்கேயும் பதிப்புச் சண்டை உண்டு. எக்ஸ்ட்4ஐ ஃபோர்மட் செய்யவும் திருத்தவும் உள்ள கருவித் தொகுப்பான இ2எஃப்எஸ்புரோக்ஸின் 2023இல் வந்த 1.47 பதிப்பு, புதிதாக ஃபோர்மட் செய்யும்போது ஓர்ஃபன் ஃபைல் என்ற வசதியைத் தானாகச் சேர்க்கிறது. அப்படிச் செய்த டிஸ்க்கைப் பழைய உபுண்டுவில் செருகினால் அங்குள்ள சோதிக்கும் கருவியான எஃப்எஸ்செக் அந்த வசதி தனக்குத் தெரியாது என்று சோதிக்க மறுக்கும். டிஸ்க் போகப்போகிற மெஷின்களில் மிகப் பழையது எதுவோ அதில் ஃபோர்மட் செய்தால் இந்தக் கரைச்சல் இல்லை.

கமரா கார்டில் மட்டும் என்டிஎஃப்எஸ் பேச்சே வேண்டாம். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகள் எக்ஸ்ஃபேட்டில்தான் வரும், அதைக் கமராவிலேயே ஃபோர்மட் செய்யவேண்டும்.

மேக் எங்கள் பக்கம் குறைவு, எனக்கும் பழக்கம் கொஞ்சம்தான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மேக்புக்கோடு வருவார்கள். அது என்டிஎஃப்எஸை வாசிக்கும், தானாக எழுதாது. வீடியோவை எடுத்துக்கொள்வார்கள், தங்கள் படங்களைத் தருவதற்குத்தான் வழி தேடுவார்கள். அவர்களுக்காக டிஸ்க்கின் கடைசியில் எக்ஸ்ஃபேட்டில் சின்னதாக ஒரு பார்ட்டிஷன் விட்டிருக்கிறேன்.