விரைப்பை டாப்ளரா, ஆசனவாய் வழி ஸ்கேனா?

குழந்தை தள்ளிப்போனால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஸ்கேனுக்கு முதலில் போவது பெரும்பாலும் மனைவிதான். கணவரின் முறை வரும்போது விரைப்பை டாப்ளரா (ரத்த ஓட்டத்தையும் காட்டும் ஸ்கேன்), ஆசனவாய் வழி ஸ்கேனா என்ற குழப்பம். இரண்டும் பார்ப்பது வேறு வேறு உறுப்புகளை. எது வேண்டும் என்பதை விந்துப் பரிசோதனைதான் சொல்லும்.

அதைச் சரியாகச் செய்வதே பாதி வேலை. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, முடிந்தால் லேபிலேயே மாதிரி கொடுங்கள். பென்னாகரத்தில் வீட்டில் எடுத்து பஸ்ஸில் கொண்டுவந்தால் ஒரு மணி நேரம் தாண்டிவிடும், உயிரணுக்களின் ஓட்டம் குறைந்து தெரியும். ரிசல்ட் சரியில்லை என்றால் இன்னொரு முறை பாருங்கள்.

விரைப்பை டாப்ளர் எளிது. ஜெல் தடவி, படுக்க வைத்தும் நிற்க வைத்தும், மூச்சடக்கி முக்கச் சொல்லியும் பார்ப்பார்கள். விரையின் அளவு, கட்டி, ரத்தநாளம் புடைக்கும் வெரிகோசீல் எல்லாம் தெரியும். நாளம் 3 மி.மீ. அளவுக்கு விரிந்து, முக்கும்போது ரத்தம் பின்னோக்கிப் பாய்ந்தால் வெரிகோசீல் என்பார்கள். ஆனால் ஆண்களில் 100-க்கு சுமார் 15 பேருக்கு இது இருக்கிறது. டாக்டரின் கைக்குத் தட்டுப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரிவதற்கு ஆபரேஷன் பரிந்துரைக்கப்படுவதில்லை. ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் ஆபரேஷனுக்குத் தேதி கேட்காதீர்கள், முதலில் யூராலஜிஸ்ட் கையால் பார்க்கட்டும். சிறுவயதில் விரை இறங்காமல் இருந்தவர்கள் மட்டும் டாப்ளரைத் தள்ளிப்போடவே கூடாது. அவர்களுக்கு விரைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம்.

ஆசனவாய் வழி ஸ்கேன் கொஞ்சம் சங்கடமானது, எல்லோருக்கும் தேவையும் இல்லை. விந்தின் அளவு 1.4 மி.லி.-க்குக் கீழே, விந்து அமிலத்தன்மையோடு இருக்கிறது, ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை இல்லை, உயிரணுவும் இல்லை என்றால் மட்டும் இதற்குத்தான் என் ஓட்டு. விந்துப்பை 15 மி.மீ.-க்கு மேல் அகன்றிருந்தாலோ, புராஸ்டேட் நடுவில் நீர்க்கட்டி இருந்தாலோ விந்து வெளியேறும் குழாயில் அடைப்பைச் சந்தேகிக்கலாம். அடைப்பு உறுதியானால் எண்டோஸ்கோப்பி வழியாகத் திறக்க வழி உண்டு. சர்க்கரை நோயாளிகள் மட்டும் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போகிறதா என்று முதலில் சிறுநீரில் பார்த்துவிடுவது நல்லது.

விந்தின் அளவு சரியாக இருந்தும் உயிரணுவே இல்லை, விரையும் சிறுத்திருக்கிறது என்றால் ஹார்மோன், குரோமோசோம் பரிசோதனைகள்தான் முக்கியம். விந்துக்குழாயே கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்வார்கள், சிலருக்கு ஒரு சிறுநீரகமே இருக்காது.

சேலத்துக்கோ பெங்களூருக்கோ போக நேர்ந்தால் விந்து ரிப்போர்ட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்கேன் எடுப்பவர் எதைத் தேட வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.