எங்கள் வீட்டு உப்புத் தண்ணியும் வாட்டர் சாஃப்ட்னரும்: 14 மாத அனுபவம்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் இரண்டு குழாய் இருக்கும், ஒன்றில் நல்ல தண்ணி, இன்னொன்றில் உப்புத் தண்ணி. எங்கள் வீடு காளப்பட்டி பக்கம். பில்லூரிலிருந்து வரும் மாநகராட்சித் தண்ணீரை வருகிற நாளில் பிடித்து வைத்துக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பயன்படுத்துவோம். குளியல், துணி, பாத்திரம் எல்லாம் 800 அடி போர் தண்ணியில்தான். அந்தத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, திரித்திரியாகத் திரண்டு வாளி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். தப்பித் தவறி அதில் பருப்பைப் போட்டால் ஐந்து விசில் வந்தாலும் மசியாது. கீசர் காயிலை இரண்டு வருடத்தில் இரண்டு முறை மாற்றினோம். இரண்டாவது முறை கழற்றியபோது கம்பி மேல் சுண்ணாம்பு விரல் தடிமனுக்கு ஏறியிருந்தது, மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் தட்டத் தட்ட ஓடு ஓடாக உதிர்ந்தது. அன்றைக்குத்தான் இந்தக் கடினத் தண்ணியை மென்னீராக மாற்றும் சாஃப்ட்னர் வைப்பதென்று முடிவு செய்தோம்.

வாங்குவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபில்டர் விற்க ஒருவர் வந்தார். ஒரு டம்ளரில் எங்கள் போர் தண்ணி, இன்னொரு டம்ளரில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணி. நான்கு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் விட்டு பிளக்கைச் செருகினார். அரை நிமிடத்தில் எங்கள் தண்ணி பழுப்பாகி, பச்சையும் கறுப்புமாகக் கசடு மிதக்க ஆரம்பித்துவிட்டது. ஆர்.ஓ. டம்ளர் அப்படியே தெளிவாக இருந்தது. அத்தை பயந்தே போய்விட்டார். நான் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகைச் சமையல் உப்பை எடுத்து வந்து அந்த ஆர்.ஓ. டம்ளரில் போட்டு, திரும்ப ஒரு தடவை செய்யச் சொன்னேன். அதுவும் சாக்கடை மாதிரி ஆனது. அந்தக் கசடு தண்ணீரில் இருந்த அழுக்கே இல்லை. உப்பு கலந்த தண்ணீரில் மின்சாரம் பாயும், பாய்ந்தால் அந்த இரும்புக் கம்பி அரித்துத் துரு கரையும், அவ்வளவுதான். வயதானவர்கள் மட்டும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து இப்படிப் பயமுறுத்தி விற்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம். யார் வந்து காட்டினாலும் நம்பாதீர்கள்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டி மாதிரி கொடுத்தால் ரிப்போர்ட் தருவார்கள். நாங்கள் அதைத்தான் முதலில் செய்தோம். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 1380, மொத்தக் கடினத்தன்மை (அதில் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 640 மில்லிகிராம் என்று வந்தது. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் கடினத்தன்மை 200 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை. இரும்பு அதிகமில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். இரும்பு இருந்தால் சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகள் கெட்டுவிடும், அதற்கு முன்னால் தனி ஃபில்டர் போட வேண்டும்.

நம்ம ஊரிலேயே அசெம்பிள் செய்து தருகிற கடையில் வாங்கினோம். 25 லிட்டர் ரெசின், மீட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் வால்வு, பக்கத்தில் உப்புத் தொட்டி. ஃபிட்டிங்கோடு 48 ஆயிரம். வேலை செய்யும் விதம் எளிமையானது: ரெசின் மணிகள் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலை உள்ளே இழுத்துத் தன்னைக் கழுவிக்கொள்ளும். எங்கள் தண்ணிக்கு 2000 லிட்டருக்கு ஒரு முறை என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். ஏறக்குறைய நான்கு நாளுக்கு ஒரு தடவை, இரவு இரண்டு மணிக்கு, தடவைக்கு நான்கு கிலோ கல் உப்பு. மாதம் 30 கிலோ வரை ஆகிறது. விலை கேட்கும்போது இந்த உப்புச் செலவை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பலன் முதல் நாளே தெரிந்தது. அத்தை குளித்துவிட்டு வந்து, "என்ன கண்ணு, எத்தன ஊத்துனாலும் சோப்பு போகவே மாட்டேங்குது"ன்னு கேட்டார். அந்த வழவழப்புதான் மென்னீர், பழக ஒரு வாரம் ஆகும். சோப்புத் தூள் பாதியாகக் குறைந்தது. 14 மாதம் கழித்து கீசரைத் திறந்து பார்த்தோம், காயில் கம்பி நிறம் தெரிகிறது. முடி கொட்டுவது நிற்குமா என்று தோழிகள் எல்லோரும் கேட்கிறார்கள். தலைமுடி நார் மாதிரி இருந்தது இப்போது சிக்கில்லாமல் இருக்கிறது, அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டேன்.

இனி குறைகள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நேராக இணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் குறைந்த அழுத்தத்தில் வால்வு தொட்டியிலிருந்து உப்புக் கரைசலை இழுக்கவே இல்லை, ஷவரும் சொட்டியது. பிறகு பிரஷர் பம்ப் வைக்க இன்னொரு ஒன்பதாயிரம். இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டாமா? மூன்றாவது மாதம் தண்ணி மறுபடியும் கடினமாகிவிட்டது, கடைக்குப் போன் செய்தால், "நாளைக்கு வர்றோம்க்கா" என்றே பத்து நாள் போனது. உப்புத் தொட்டியில் அளவு குறையவே இல்லை என்பதைக் கவனித்து நாங்களே வால்வைப் பிரித்தோம். மூட்டை உப்பிலிருந்த மண், உப்புக் கரைசலை இழுக்கும் இன்ஜெக்டரின் சின்னத் துளையை அடைத்திருந்தது. ஒரு ஊசி வேலை. அப்போதிருந்து சுத்தமான கல் உப்பு மட்டும்தான் வாங்குகிறோம். பொடி உப்பு வேண்டாம், கட்டிதட்டிப் போகும்.

ரெசினைக் கழுவிய தண்ணீரைப் பற்றியும் சொல்கிறேன், எனக்கு மனசு இன்னும் ஆறவில்லை. தடவைக்கு 150, 200 லிட்டர் வெளியே வரும், அவ்வளவும் உப்பு. ஃபிட்டர் அந்தக் குழாயைப் பின்பக்கத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார். ஆறு வருடம் வளர்ந்த கறிவேப்பிலை மரம் ஓரம் கருகி இலை கொட்டி இரண்டு மாதத்தில் பட்டுப்போனது. அது கண்டிப்பாகச் சாக்கடைக்குத்தான் போக வேண்டும், செடிக்கோ மழைநீர்க் குழிக்கோ விடக் கூடாது.

அப்புறம், இந்தத் தண்ணியைக் குடிக்காதீர்கள். சாஃப்ட்னர் டி.டி.எஸ்.ஸைக் குறைக்காது, கொஞ்சம் கூட்டவே செய்யும். எங்கள் அளவுக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 290 மில்லிகிராம் சோடியம் கூடுதலாகச் சேருகிறது, அத்தைக்கு பி.பி. இருக்கிறது. குடிக்கிற தண்ணி பழைய வழியிலேயே, மாநகராட்சித் தண்ணீர், ஒரு சாதாரண யு.வி. ஃபில்டர். அந்தத் தண்ணீர் என் டி.டி.எஸ். மீட்டரில் நூறைத் தாண்டியதில்லை, அதற்கு ஆர்.ஓ. போட்டு பாதியைக் கீழே ஊற்றுவது பாவம். 500-க்குக் குறைவான டி.டி.எஸ். உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கழிப்பறை ஃபிளஷுக்கும் செடிக்கும் மென்னீர் தேவையில்லை, அந்த லைனைத் தனியாகப் பிரித்து வைத்தால் உப்பு மிச்சம்.

கடினத்தன்மையை வீட்டிலேயே அளக்க ஒரு சொட்டுப் பரிசோதனை கிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு நிறம் நீலமாக மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும், என்னிடம் உள்ளதில் ஒரு சொட்டுக்கு 25 மில்லிகிராம். போன வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் மாடியில் விழும் மழைத் தண்ணீரைப் போர் பக்கத்துக் குழிக்குத் திருப்பினோம். அதற்கு முன் போர் தண்ணிக்கு 26 சொட்டு ஆனது, தை மாதம் பார்த்தபோது 22. அதனால் சாஃப்ட்னர் மீட்டரை 2000-லிருந்து 2250 லிட்டருக்கு ஒரு கழுவல் என்று மாற்றி வைத்திருக்கிறேன்.