கர்ப்ப ரத்தப் பரிசோதனையில் ‘பெரிய பேக்கேஜ்’ கட்டுவதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குறிப்பாக சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம், கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளுக்கு இதை அனுப்பிவிடுங்கள்.

என் தங்கைக்கு 27 வயது, தலைப்பிள்ளை. டவுன் சிண்ட்ரோம் பார்க்க என்.ஐ.பி.டி. பரிசோதனைக்கு, அதாவது தாயின் ரத்தத்தை எடுத்துக் குழந்தையின் குரோமோசோம் கோளாறுகளைத் தேடும் பரிசோதனைக்கு, டாக்டர் எழுதிக்கொடுத்தார். போன இடம் ஒரு தனியார் சென்டர். கவுண்டரில் நம் தமிழ்ப் பெண்தான். “அக்கா, பெரிய பேக்கேஜ் போட்டா பிறவிக் கோளாறு எல்லாமே தெரிஞ்சிடும், 99 சதவீதம் சரியா இருக்கும்” என்றாள். கட்டினோம். மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, ஒரு ராண்ட் தரவில்லை.

ரிசல்ட் போனில் வந்தது. 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லையாம், குழந்தையின் இதயம் பாதிக்குமாம். “20 வாரம் தாண்டினா கலைக்க முடியாது, சீக்கிரம் முடிவு பண்ணுங்க.” விளக்கம் சொல்ல ஆள் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம்! தங்கை சாப்பாட்டையே விட்டுவிட்டாள்.

டாக்டர் கோபப்பட்டார். அந்த 99 சதவீதம் டவுன் சிண்ட்ரோமைத் தவறவிடாமல் பிடிப்பதற்கான கணக்கு. இந்த மாதிரி அரிய கோளாறுகளில், ‘இருக்கிறது’ என்று வருவதில் பல பொய்யாகிவிடும். தாயின் ரத்தத்தில் பார்ப்பதும் நஞ்சுக்கொடியிலிருந்து கசியும் டிஎன்ஏவைத்தான், நேரடியாகக் குழந்தையுடையதை அல்ல. இதை மட்டும் நம்பிக் கருவைக் கலைத்தவர்கள் உண்டு என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 ஏப்ரலிலேயே எச்சரித்திருக்கிறது. உறுதி செய்ய அம்னியோ, அதாவது பனிக்குட நீரை எடுத்துப் பார்ப்பது, 15 வாரத்துக்கு மேல் செய்ய வேண்டும். செய்தோம். குரோமோசோமில் குறை எதுவும் இல்லை.

அந்த 20 வார மிரட்டலும் அரைகுறை. இங்குள்ள 1996ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி, குழந்தைக்குக் கடுமையான குறைபாடு என்றால் ஒரு மருத்துவர் இன்னொருவரைக் கலந்துகொண்டு அதற்குப் பிறகும் முடிவெடுக்கலாம்.

‘எல்லாமே தெரியும்’ என்பதோ முழுப் பொய். முதுகுத்தண்டுக் குறை இந்தப் பரிசோதனையில் தெரியாது, அதற்கு ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும். உதட்டுப் பிளவு, இதய ஓட்டை போன்றவற்றை 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் தேட வேண்டும். எந்தெந்தக் கோளாறு பார்க்கிறார்கள், ரிசல்ட்டை யார் உட்காரவைத்து விளக்குவார்கள் என்று எழுதி வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘இது நோயை உறுதிசெய்யும் பரிசோதனை அல்ல’ என்று போட்டிருக்கிறார்களாம். கலைக்கச் சொல்லிப் போன் பண்ணியவர் மட்டும் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது.