5 ஸ்டார் கார்னு சொல்லி ஏர்பேக்கே இல்லாத வண்டியை வித்துட்டாங்க, ரூ. 1,86,400 போச்சு – பழைய கார் பாக்கறவங்க படிச்சிட்டுப் போங்க

ரூ. 1,86,400. நேத்து சாயங்காலம் சர்வீஸ் சென்டர்ல நான் கட்டின பில் இது. இன்சூரன்ஸ்ல இருந்து வந்தது பூஜ்யம். வித்தவங்க கொடுத்தது பூஜ்யம். இன்னும் ஆத்திரம் அடங்கல, அதனால எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

கடை பேரைப் போட மாட்டேன், வக்கீல் போடக்கூடாதுன்னுட்டாரு. கோயம்புத்தூர்ல, பழைய காரை வாங்கிப் பாலிஷ் போட்டு "சர்டிஃபைடு"ன்னு விக்கிற பெரிய ஷோரூம். ஏசி, காபி மெஷின், டை கட்டின பசங்க. புரிஞ்சவங்க புரிஞ்சுக்குங்க.

வாங்கினது 2019 மாடல், சின்ன எஸ்யூவி டைப் வண்டி. குடும்பத்துல முதல் கார். அம்மாவால பைக்ல ஏறி உக்கார முடியல, பாப்பாவும் பெரிசாயிட்டா, அதான். பட்ஜெட்டுக்கு ரெண்டு வண்டி காட்டினாங்க. ஒண்ணு விலை கம்மி, ஆனா ஸ்டார் (காரை மோத விட்டுப் பாத்துக் கொடுக்கற பாதுகாப்பு மார்க்) எதுவும் கிடையாது. இன்னொண்ணு இந்த 5 ஸ்டார்.

அங்கதான் அந்தச் சேல்ஸ்மேன் தம்பி வேலையைக் காட்டினான். இருபத்தஞ்சு வயசு இருக்கும், நல்லா சிரிச்சுப் பேசறான். என்கிட்ட பேசவே இல்ல, நேரா என் வீட்டுக்காரம்மாகிட்ட போனான். போனை எடுத்து க்ராஷ் டெஸ்ட் வீடியோவைப் போட்டான். 64 கிலோமீட்டர் வேகத்துல கார் போய் மோதுது, கண்ணாடி தெறிக்குது, ஏர்பேக் பலூன் விரியுது, பொம்மையோட தலை அதுல புதையுது. வீடியோவை நிறுத்தி, விரல் வெச்சுக் காட்டறான். "அக்கா, பொம்மை மூஞ்சில பெயின்ட் தடவி விட்டிருக்காங்க பாருங்க. அந்தப் பெயின்ட் பலூன்ல மட்டும்தான் ஒட்டியிருக்கு. ஸ்டியரிங்ல ஒட்டல. அப்ப தலை எங்கயும் இடிக்கலன்னு அர்த்தம். குழந்தை இருக்கில்லங்க்கா, ரூபாயைப் பாக்காதீங்க."

அவன் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. பெயின்ட் தடவறது அதுக்குத்தான். அந்த மாடல் 5 ஸ்டார் வாங்கினதும் உண்மைதான். என் வீட்டுக்காரம்மா என்னைப் பாத்து, "இதையே எடுத்துக்கலாங்க"ன்னா. அப்பவே முடிவாயிடுச்சு.

அப்புறம் ஒரு பேப்பர் நீட்டினாங்க. இருநூறு பாயின்ட் செக்கிங் ரிப்போர்ட்டாம். வைப்பர்ல இருந்து டிக்கி லைட் வரைக்கும் எல்லாத்துக்கும் பச்சை டிக். "ஏர்பேக், டிரைவர்: ஓகே. ஏர்பேக், பேசஞ்சர்: ஓகே." அந்தப் பேப்பர் இப்பவும் என் கையில இருக்கு.

"5 ஸ்டார் வண்டிங்கறதால இன்சூரன்ஸும் கம்மியா வரும் சார், நாங்களே போட்டுத் தந்துடறோம்"னான். போட்டுக் கொடுத்தாங்க. கம்மியாத்தான் வந்துது. எதனால கம்மியாச்சுங்கறதுதான் இந்தக் கதையில பெரிய அயோக்கியத்தனம், வரேன்.

பல்லடம் தாண்டிப் போயிட்டிருந்தோம். முன்னாடி தேங்காய் லோடு டெம்போ, பின்னாடி ஒரு லைட்டும் எரியல, திடீர்னு நிறுத்திட்டான். நான் பிரேக் அடிச்சும் போய் மோதிட்டேன். பேனெட் மடங்கி ரேடியேட்டர் உள்ள போயிடுச்சு. எனக்கு ஸ்டியரிங்ல இடிச்சு உதடு கிழிஞ்சு ரெண்டு பல்லு ஆடுது. என் வீட்டுக்காரம்மாவுக்கு பெல்ட் அழுத்தி நெஞ்செலும்பு வீங்கிடுச்சு. பாப்பாவும் அம்மாவும் பின்னாடி இருந்தாங்க, ஒண்ணும் ஆகல. பலூன் ரெண்டும் விரியவே இல்ல.

ஆஸ்பத்திரியில இருந்தே கடைக்குப் போன் பண்ணேன். "ஏர்பேக் எல்லா ஆக்சிடென்ட்லயும் திறக்காது சார். மோதற ஆங்கிள், ஸ்பீடு எல்லாம் இருக்கு." இதுவும் உண்மைதான், அதான் கொடுமை. இவங்க உண்மையை எடுத்துத்தான் ஏமாத்தறாங்க.

வண்டி கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போச்சு. அங்க இருந்த டெக்னீஷியன் ஸ்கேனரை மாட்டிப் பாத்துட்டு, "அண்ணா, ஏர்பேக் திறக்கச் சொல்லி ஆர்டர் போயிருக்கு. ஆனா திறக்கல"ன்னாரு. என் கண்ணு முன்னாடியே ஸ்டியரிங் நடுவுல இருக்கிற மூடியைக் கழட்டினாரு. உள்ள ஒண்ணுமே இல்ல, காலி. பலூனும் இல்ல, அதை வெடிக்க வைக்கிற குப்பியும் இல்ல. ரெண்டு வயரை இழுத்து, நடுவுல அரிசி சைஸ்ல ஒரு ரெசிஸ்டரை வெச்சு, கறுப்பு டேப் சுத்தியிருக்கு. "இது எதுக்கு?"ன்னு கேட்டேன். "டேஷ்போர்டுல ஏர்பேக் லைட்டு எரியாம இருக்கறதுக்குண்ணா. இதை மாட்டிட்டா கம்ப்யூட்டர் பலூன் இருக்குன்னு நினைச்சுக்கும்." பேசஞ்சர் பக்கம் இன்னும் மோசம். முன்னாடியே ஒரு தடவை வெடிச்சுக் கிழிஞ்ச டேஷ்போர்டை பட்டி பாத்து, மேல ரெக்ஸின் ஒட்டி, அது மேல "ஏர்பேக்"னு எழுத்து வேற பொறிச்சு வெச்சிருக்கானுங்க. பத்து ரூபாய் பெறாத ஒரு ரெசிஸ்டரை நம்பி என் குடும்பம் மாசக்கணக்கா ரோட்டுல போயிருக்கு.

எஸ்டிமேட் ரூ. 1,86,400. ரெண்டு ஏர்பேக், கன்ட்ரோல் யூனிட், ரெண்டு பெல்ட், புது டேஷ்போர்டு, அப்புறம் முன்பக்க வேலை. பாதிக்கு மேல ஏர்பேக் கணக்குதான்.

சரி, தேய்மானம் கழிக்காம பணம் தர பம்பர் டு பம்பர் இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைச்சேன். இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வந்தாரு, வண்டி நம்பரைத் தட்டிப் பாத்தாரு. "சார், இந்த வண்டிக்கு 2023-லயே டோட்டல் லாஸ் செட்டில் ஆயிருக்கே, உங்களுக்குத் தெரியாதா?"

அதாவது, ரிப்பேர் பண்ணிக் கட்டுப்படியாகாதுன்னு அப்பவே இன்சூரன்ஸ்ல பணம் கொடுத்துக் கணக்கு முடிச்ச வண்டி. அடுத்து கிளெய்ம் நிராகரிப்புக் கடிதம். காரணம் ரெண்டு. இந்த விபத்துக்கு முன்னாடியே இல்லாத ஏர்பேக்குக்குப் பணம் கிடையாது. பாலிசி எடுக்கும்போது 45 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் (என்சிபி, கிளெய்ம் பண்ணாத வருஷங்களுக்குக் கிடைக்கிற பிரீமியம் தள்ளுபடி) இருக்கிறதாப் பொய் சொல்லியிருக்கேன், அதனால மத்ததுக்கும் கிடையாது. நான் எங்கய்யா சொன்னேன்? என் பேர்ல அதுக்கு முன்னாடி காரே இருந்தது இல்ல! என்சிபிங்கறது வண்டியோட வராது, ஓனரோட போறது. எனக்கு வர வேண்டியது சுத்தமா பூஜ்யம். கடைக்காரங்க மூலமா பாலிசி போட்ட ஏஜென்ட் ஃபார்ம்ல 45-னு அடிச்சு விட்டிருக்கான். பிரீமியம் குறைஞ்சது 5 ஸ்டாரால இல்ல, இந்தப் பொய்யால. என் பாலிசியை வரி வரியாப் பாத்துட்டேன். ஐடிவி (இன்சூரன்ஸ்ல வண்டிக்குப் போடற மதிப்பு) இருக்கு, எஞ்சின் சிசி இருக்கு, வண்டி வயசு இருக்கு. ஸ்டாருக்குன்னு ஒரு பைசா தள்ளுபடி அதுல இல்ல.

ஏஜென்டுக்குப் போன் பண்ணா, "டீலர் கொடுத்த டீட்டெய்ல்ஸைத்தான் சார் போட்டேன்." டீலரைக் கேட்டா, "இன்சூரன்ஸ் எங்க டிபார்ட்மென்ட் இல்ல சார்." மேனேஜர் லீவு. டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க. கூப்பிடல. வாட்ஸ்அப்ல ரெசிஸ்டர் போட்டோவை அனுப்பினேன், நீல டிக் விழுந்துது, பதில் இல்ல. நேர்ல போய் அந்தச் செக்கிங் ரிப்போர்ட்டை மேஜை மேல வெச்சேன். பின்பக்கம் திருப்பி, எறும்பு சைஸ் எழுத்தைக் காட்டறாரு மேனேஜர். "பார்வைக்கு உட்பட்ட சோதனை மட்டும்." வாரன்டி? "எஞ்சின், கியர்பாக்ஸ் மட்டும்." கடைசியா சொன்னாரு பாருங்க ஒண்ணு: "வண்டி எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம் நீங்க எங்க விட்டீங்களோ, எவன் கழட்டினானோ, எங்களுக்கு எப்படித் தெரியும்?" அதாவது என் பொண்டாட்டி புள்ளை உக்கார வண்டியில இருந்து நானே ஏர்பேக்கைக் கழட்டி வித்துட்டேனாம். இதுக்கு நடுவுல அடுத்த கார் வாங்கினா பத்தாயிரம் கூப்பன் தரோம்னு மெசேஜ் வேற. ரூ. 1,86,400 போனவனுக்குக் கூப்பன்!

தூக்கம் வராம படிச்சதைச் சொல்றேன், உங்களுக்கும் தெரியட்டும். 2014-ல குளோபல் என்கேப்னு காரை மோதிப் பாத்து ஸ்டார் கொடுக்கற அமைப்பு நம்ம ஊர் சின்ன கார்கள் அஞ்சை மோதிப் பாத்தப்போ அஞ்சும் பூஜ்யம். 2018 டிசம்பர்லதான் டாடா நெக்ஸான் முதல் 5 ஸ்டார் வாங்குச்சு. அதுக்கப்புறம்தான் கம்பெனிகள் விளம்பரத்துல மைலேஜுக்குப் பக்கத்துல ஸ்டாரையும் போட ஆரம்பிச்சாங்க. 2022 ஜூலையில அந்தச் சோதனை விதியையே கடுமையாக்கிட்டாங்க, 2023 அக்டோபர்ல நம்ம நாட்டோட சொந்தச் சோதனையான பாரத் என்கேப் வந்துது. அதனால பழைய 5 ஸ்டாரும் புது 5 ஸ்டாரும் ஒண்ணு கிடையாது. எல்லாத்துக்கும் மேல, ஸ்டார் வாங்கினது ஃபேக்டரியில இருந்து வந்த புது வண்டி. ஒரு தடவை நொறுங்கி, தட்டி நிமித்தின வண்டிக்கு எந்த ஸ்டாரும் கிடையாது. இதை எந்தச் சேல்ஸ்மேனும் சொல்ல மாட்டான்.

அமெரிக்காவுல இன்சூரன்ஸ் கம்பெனிகளே காசு போட்டு ஐஐஎச்எஸ்னு ஒரு அமைப்பை வெச்சுக் காரை மோதிப் பாக்கறாங்க. 2012-ல முன்பக்கத்துல கால்வாசி அகலம் மட்டும் மோதற டெஸ்ட்டைக் கொண்டுவந்தாங்க, பெரிய சொகுசுக் கார்களே பல்லிளிச்சுது. கம்பெனிகள் ஓடிப்போய் டிசைனை மாத்தினாங்க. அதுலயும் சில பேர் டிரைவர் பக்கத்தை மட்டும் பலப்படுத்திட்டு, டெஸ்ட் பண்ணாத பேசஞ்சர் பக்கத்தை அப்படியே விட்டாங்களாம். ஜப்பான்ல டைஹட்சுங்கற கார் கம்பெனி ஒரு படி மேல, சென்சார் திறக்க வேண்டிய ஏர்பேக்கை டைமர் வெச்சுத் திறந்து டெஸ்ட் பாஸ் பண்ணி 2023-ல மாட்டினாங்க. அவ்வளவு பெரிய இடத்துலயே இப்படின்னா பட்டி பாக்கற ஷெட்டைப் பத்திக் கேக்கணுமா.

நம்ம ஊர்ல இது எப்படி நடக்குதுன்னா, ரிப்பேர் செலவு ஐடிவியில 75 சதவீதத்தைத் தாண்டினா இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ்னு முடிச்சுடும். கொஞ்சம் வயசான வண்டியில ஏர்பேக் ரெண்டும் வெடிச்சா, பெல்ட்டு, கன்ட்ரோல் யூனிட், டேஷ்போர்டுன்னு சேந்து அந்தக் கோட்டைத் தொட ரொம்ப நேரம் ஆகாது. அப்புறம் வண்டியை இருக்கிற நிலைமையில ஏலத்துல எடுக்கறான் ஒருத்தன். தகரத்தை நிமித்துவான், பெயின்ட் அடிப்பான். ஏர்பேக் மட்டும் போட மாட்டான், அதுலதானே லாபம். நிரந்தரமா ஓட்ட முடியாத நிலைக்குப் போன வண்டியோட ஆர்சியை ஒப்படைக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 55-ம் பிரிவுல இருக்கு. என் வண்டி ஆர்சி ஜம்முன்னு உயிரோட இருந்துது, என் பேருக்கும் மாறிடுச்சு.

படிச்சிட்டுப் போங்கன்னு தலைப்புல போட்டேன், விரிவா எழுத இப்ப தெம்பு இல்ல. சுருக்கமா:

சாவி போட்டதும் ஏர்பேக் லைட் எரிஞ்சு அணையறதை மட்டும் நம்பாதீங்க, என்னுதும் ஒழுங்கா எரிஞ்சு அணைஞ்சுது. அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோய் ஸ்டியரிங் மூடியைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. விக்கிறவன் ஒத்துக்கலன்னா கிளம்பி வந்துடுங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து லேபிள்ல இருக்கிற தேதியைப் பாருங்க, வண்டி தயாரான தேதியோட ஒத்துப் போகணும். பழைய கிளெய்ம் விவரத்தை இன்சூரன்ஸ் கம்பெனியில எழுத்துல கேளுங்க.

டீலர் போட்டுத் தர இன்சூரன்ஸ் வேண்டவே வேண்டாம். அதையும் மீறிப் போட்டிருந்தா, இப்பவே பாலிசியை எடுத்து என்சிபி எத்தனை சதவீதம்னு பாருங்க. உங்க பழைய கார்ல இருந்து நீங்க கொண்டு வந்ததா இல்லன்னா, அங்க பூஜ்யம்தான் இருக்கணும். வேற நம்பர் இருந்தா உடனே கம்பெனிக்கு மெயில் போட்டு, வித்தியாசப் பணத்தைக் கட்டித் திருத்திக்குங்க. மோதினதுக்கு அப்புறம் ஒருத்தனும் கேக்க மாட்டான்.

1915-ங்கற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் பதிஞ்சாச்சு. இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு மனு தயாராயிட்டிருக்கு, கடை மேல மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ். ரெசிஸ்டரையும் டேப்பையும் டெக்னீஷியன் கையெழுத்தோட கவர்ல போட்டு ஒட்டி வெச்சிருக்கேன். இதே மாதிரி ஷோரூம்ல வாங்கி டோட்டல் லாஸ் வண்டி மாட்டினவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, சேந்து கேஸ் போடலாமான்னு வக்கீல் கேக்கறாரு.