லேசர் மெஷினைத் திறக்கும் முன்: சிவப்பு பட்டனா, அட்டையா, பூட்டா?

மலேசியாவில், கூலிம் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் பலர் இன்று பால்மரத்துக்குப் போவதில்லை. ஹைடெக் பார்க்கிலும், செம்பனை ஆலைகளுக்கு உதிரி பாகம் செய்துதரும் பட்டறைகளிலும் வேலை பார்க்கிறார்கள். அங்கே தகடு வெட்டும் லேசர் மெஷினைப் பழுது பார்க்கத் திறக்கிறவர் உயிரோடு வீடு திரும்ப, பட்டறைகளில் மூன்று வழிகள் புழங்குகின்றன.

முதலாவது, சிவப்பு பட்டனும் கதவு இன்டர்லாக்கும். கதவைத் திறந்ததும் கதிர் நிற்கும். தகடு மாற்றுகிறவருக்கு இது நல்ல காவல்தான். பழுது பார்க்கிறவருக்குப் போதவே போதாது. பட்டனை அமுக்கிய பிறகும் 400 வோல்ட் மூன்று பேஸ் மின்சாரம் பெட்டிவரை வந்து நிற்கிறது. கார்பன் டை ஆக்சைடு லேசர் குழாயின் பவர் சப்ளை ஆயிரக்கணக்கான வோல்ட் தருவது; அதன் கப்பாசிட்டர்கள் சுவிட்சை அணைத்த பிறகும் மின்னைப் பிடித்து வைத்திருக்கும். வெட்டும் இடத்தில் ஊதும் நைட்ரஜன் வாயுவின் குழாயில் அழுத்தம் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாராவது பட்டனை விடுவித்து மெஷினை ஓட்டிவிடலாம்.

இரண்டாவது, 'ஜாங்ஙான் ஹிடுப்கான்' (மலாயில், 'இயக்காதீர்கள்') என்று எழுதித் தொங்கவிடும் அட்டை. மலிவு, ஆனால் அது தகவல் மட்டுமே. நேப்பாள், வங்காளதேசத் தோழர்கள் நிறைந்த பட்டறையில் எல்லாருக்கும் அது புரியும் என்று நம்பக்கூடாது. அட்டை கையைத் தடுக்காது.

மூன்றாவது, ஆளுக்கொரு பூட்டு. என் ஓட்டு இதற்குத்தான். மெஷினுக்கு வரும் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் மெயின் ஐசொலேட்டர் சுவிட்சை இறக்கி, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வையுங்கள். இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. கேஸ் வால்வையும் மூடிப் பூட்டி, குழாயில் மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றுங்கள். பிறகு கப்பாசிட்டரை, அதற்கென்றே உள்ள கம்பியால், தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். மீட்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து மெஷினில், மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில். மீட்டரே செத்திருந்தால் அது காட்டும் பூஜ்யம் ஆளைக் கொன்றுவிடும். அட்டை வேண்டுமானால் பூட்டோடு சேர்த்துத் தொங்கட்டும்.

பூட்டு தோற்கும் இடமும் உண்டு. கதிரின் பாதையைச் சரிசெய்ய மெஷின் ஓடியாக வேண்டும். அப்போது மூடி திறந்திருக்கும், இன்டர்லாக்கும் தாண்டப்பட்டிருக்கும். பயிற்சி பெற்றவர் மட்டும் குறைந்த சக்தியில், சரியான கண்ணாடி அணிந்து செய்ய வேண்டிய வேலை இது. கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், கண்ணாடி இழை வழியே கதிர் வரும் ஃபைபர் லேசருக்குச் சுமார் 1.07. முன்னதைத் தடுக்கும் தெளிந்த பிளாஸ்டிக் கண்ணாடி பின்னதை உள்ளே விட்டுவிடும். ஃபைபர் கதிர் கண்ணுக்குத் தெரியாது, விழித்திரை வரை போகும், அங்கே வலியும் தெரியாது.

சின்னப் பட்டறைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை: 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது, சிறிய பட்டறைகளும் அதில் அடக்கம். உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, அதை முதலாளி நீக்காவிட்டால் இடத்தைவிட்டு விலகவும் அது உரிமை தருகிறது. பூட்டின் விலை சில பத்து ரிங்கிட்தான்.

ஷிப்ட் மாறும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: இரவு ஆள் தன் பூட்டைப் போட்ட பிறகே பகல் ஆள் தன்னுடையதைக் கழற்ற வேண்டும்.