முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்): மெத்தோட்ரெக்ஸேட்டா, லெஃப்ளுனோமைடா, ஊசியா?

வலி மாத்திரை சில மணி நேரத்தில் வேலை செய்யும். ஆனால் மூட்டு எலும்பு அரிபடுவதைத் தடுக்காது. அதைத் தடுக்கும் மருந்துகள் பலன் காட்ட 6 முதல் 12 வாரம் பிடிக்கும். பலரும் "மருந்து கேட்கவில்லை" என்று விட்டுவிடுவது இந்த இடைவெளியில்தான். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் குறைந்த அளவு பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தருகிறார்கள். அதையே ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். சட்டென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

முதல் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். வாரத்தில் ஒரே நாள். 7.5 முதல் 15 மி.கி.க்குள் தொடங்கி, தேவைப்பட்டால் 20–25 வரை கூட்டுவார்கள். வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட் 5 மி.கி.; குமட்டலும் வாய்ப்புண்ணும் குறைவது இதனால்தான். இதில் நடக்கும் மோசமான தவறு, தினமும் விழுங்கிவிடுவது. வாய் முழுக்கப் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். 2.5 மி.கி. மாத்திரை ஆறு என்றால் 15 மி.கி.; கடையில் 10 மி.கி. பட்டையைக் கொடுத்துவிட்டால் அதே ஆறு 60 ஆகிவிடும். அதனால் சீட்டில் கிழமையையும் மொத்த மி.கி.யையும் எழுதி வாங்குங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையைச் சொல்லிவிடுங்கள்: கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் இதோடு சேரவே கூடாது.

மாத்திரை 15 மி.கி.யைத் தாண்டினால் குடல் முழுதாக உறிஞ்சாது. மருந்து தோற்றது என்று முடிவுகட்டுமுன் அதே அளவைத் தோலடி ஊசியாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. விலையும் எட்டனர்செப்ட், அடலிமுமாப் போன்ற உயிரியல் ஊசிகளோடு ஒப்பிட்டால் சொற்பம்.

லெஃப்ளுனோமைட் பலனில் ஏறக்குறைய இதற்குச் சமம். தினமும் 10 அல்லது 20 மி.கி. என்பதால் கிழமைக் குழப்பம் இல்லை. பதிலுக்கு வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல், ரத்த அழுத்த உயர்வு. கருவைப் பாதிப்பதில் இரண்டும் ஒன்றுதான், விலகும் வேகம்தான் வேறு. மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தி ஒன்று முதல் மூன்று மாதம் காத்திருந்தால் போதும்; லெஃப்ளுனோமைட் உடலில் இரண்டு ஆண்டு வரைகூடத் தங்கும். அதை வெளியேற்ற கொலஸ்டிரமைன் என்ற மருந்து 8 கிராம், தினம் மூன்று வேளை, 11 நாள். குழந்தை பெறும் எண்ணமுள்ளவருக்கு இதைத் தொடங்காமல் இருப்பதே மேல். இரண்டுக்குமே முதல் மூன்று மாதம் 2–4 வாரத்துக்கு ஒரு முறை ரத்த அணு, கல்லீரல், கிரியேட்டினின் (சிறுநீரகம்) பரிசோதனை வேண்டும். மதுவும் ஆகாது.

கர்ப்பத்திலும் தொடரக்கூடியவை ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சல்ஃபாசலசினும். முன்னது தனியாக வீரியம் குறைவு. தினசரி அளவு எடையில் கிலோவுக்கு 5 மி.கி. மிஞ்சாமல் பார்த்து, விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். பின்னது 500 மி.கி.யில் தொடங்கி 2 கிராம் வரை போகும். சிறுநீர் ஆரஞ்சு நிறமானால் பயப்பட வேண்டாம். ஆண்களுக்கு விந்தணு குறைவதும் நிறுத்தினால் சரியாகும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது.

மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதாதபோது? அதோடு ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் சல்ஃபாசலசினையும் சேர்த்த மும்மருந்து முறை, எட்டனர்செப்ட் ஊசி சேர்த்ததற்குப் பின்தங்கவில்லை என்று 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கைக்காசு போட்டு வாங்குபவர் இதை மருத்துவரிடம் கேட்கலாம். மாத்திரை எண்ணிக்கை கூடும், அதுதான் தொல்லை.

உயிரியல் ஊசிகளில் ஒன்றான அடலிமுமாப், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40 மி.கி. டோஃபாசிடினிப் தினம் இரண்டு வேளை 5 மி.கி. மாத்திரை, ஊசி இல்லை என்பதே அதன் ஈர்ப்பு. ஆனால் 50 வயதைத் தாண்டி, இதய நோய் அபாயமோ புகைப்பழக்கமோ உள்ளவர்களிடம் மாரடைப்பும் புற்றுநோயும் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததால், அவர்களுக்கு ஊசியே முந்தும். அக்கி வரும் வாய்ப்பும் மாத்திரையில் அதிகம். இந்த ஊசி, மாத்திரை இரண்டில் எதைத் தொடங்கினாலும் முன்பே மார்பு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி பரிசோதனை மூன்றும் முடிந்திருக்க வேண்டும். உறங்கிக் கிடக்கும் காசநோய் தெரியவந்தால், அதற்கான மருந்தைக் குறைந்தது ஒரு மாதம் எடுத்த பிறகே முதல் ஊசியோ மாத்திரையோ.