கோத்தகிரி சாலைத் தைலக் கடை: சரக்கு சுத்தம், சொல்லும் பக்குவம் ஆபத்து

கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் வழியில், பின்கட்டிலேயே யூகலிப்டஸ் தைலம் காய்ச்சி விற்கும் சிறிய கடை இது.

முதலில் சரக்கு. கொப்பரையின் அடியில் தண்ணீர், அதற்கு மேல் சல்லடைத் தட்டு, தட்டின்மேல் இலை. இலை ஆவியில் மட்டுமே வேக வேண்டும். அடியில் ஒட்டிக் கருகினால் தைலத்தில் புகைவாடை ஏறிவிடும். இவர்கள் தைலத்தில் அந்த வாடை இல்லை. ஆவிக்குழாய் மூழ்கியிருக்கும் தொட்டியின் தண்ணீரையும் சூடேற விடுவதில்லை. அது சூடானால் ஆவி குளிராமல் தைலம் காற்றோடு போய்விடும். 100 கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோவைச் சுற்றித்தான் தைலம் கிடைக்கும். சாலையோரத்தில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் பெரிய பாட்டில்களைச் சந்தேகப்பட இந்தக் கணக்கே போதும்.

வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டால் சில மணி நேரத்தில் கறையில்லாமல் பறந்துவிடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு தங்கினால் சமையல் எண்ணெயோ மினரல் ஆயிலோ கலந்திருக்கிறது என்று பொருள். டர்பன்டைன் கலப்பு இந்தச் சோதனையில் சிக்காது, அதுவும் பறந்துவிடும். பெயின்ட் கடை வாடையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இரண்டிலும் இந்தச் சரக்கு தேறுகிறது.

குறை, பாட்டிலோடு கூடவே தரும் யோசனையில் இருக்கிறது. “குழந்தைக்குச் சளின்னா சர்க்கரையில ரெண்டு சொட்டு விட்டு நாக்குல தடவுங்க. கலப்படமே இல்லைங்க, தைரியமா கொடுக்கலாம்.” இதில் வஞ்சகம் துளியும் இல்லை. தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்ததையே மனதார, காசு வாங்காமல் சொல்கிறார்கள். கேட்பவர்கள் நம்புவதும் அதனால்தான்.

ஆனால் கணக்கு நேர்மாறானது. தைலத்தின் முக்கியப் பொருள் சினியோல். சரக்கு சுத்தமாக இருக்க இருக்க ஒவ்வொரு சொட்டிலும் அது கூடுதலாக இருக்கும். குழந்தைகளுக்கு 5 மில்லிக்கும் குறைவான தைலமே, அதாவது ஒரு தேக்கரண்டிகூட இல்லாத அளவே, வாந்தி, தள்ளாட்டம், மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோயிருக்கிறது. இரண்டு சொட்டில் பெரும்பாலும் எதுவும் நேராது. அந்த அனுபவம்தான் நம்பிக்கையைக் கெட்டிப்படுத்துகிறது. சளி விடாதபோது இரண்டு சொட்டு நாலாகும், வாயகன்ற பாட்டிலிலிருந்து சாய்க்கும்போது கரண்டியாகும். சுற்றுலா வந்தவர் ஊர் திரும்பியபின் நடப்பது கடைக்காரர் காதுக்கு வரவே வராது.

மரத்தின் கதையும் இந்த ரகம்தான். 1843-ல் நீலகிரிக்கு வந்த யூகலிப்டஸை, பின்னாளில் ஊட்டியின் விறகுத் தேவைக்காக மலைப் புல்வெளிகளில் நட்டார்கள். புல்வெளியை வெற்று நிலம் என்று உண்மையாகவே நம்பினார்கள். மரம் வந்தபின் நீர்வரத்து குறைந்ததை ஊட்டி அருகே கிளன்மார்கனில் நடந்த ஆய்வு பிறகுதான் காட்டியது.

வாங்குபவர்கள் கவனிக்க: இந்தத் தைலம் வெளிப்பூச்சுக்கும் ஆவி பிடிக்கவும் மட்டும். பெரியவர்களுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 2 அல்லது 3 சொட்டு கலந்து மார்பில், முதுகில் தேய்க்கலாம். ஆவி பிடிக்கப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே 2 சொட்டு விடுங்கள். இதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகே கொண்டுபோகவே வேண்டாம், மூச்சு திணறும். வலிப்பு நோய் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தைலம் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உடனே 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொரு குறை பிளாஸ்டிக் பாட்டில். பயணத்தில் உடையாது என்ற நல்லெண்ணத்தில் தருகிறார்கள். தைலம் மலிவான பிளாஸ்டிக்கை இளக்கிக் கசிய வைக்கும். பழுப்புக் கண்ணாடி பாட்டில் வேண்டும் என்று கேட்டால் உள்ளிருந்து எடுத்துத் தருகிறார்கள், சொட்டு மூடியோடு. 50 மில்லி போதும். வீட்டில் குழந்தைக்கு எட்டாத அலமாரியில் பூட்டி வையுங்கள். லேபிளில் “உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது” என்ற ஒரு வரியை அச்சிட்டு, அந்தச் சர்க்கரை யோசனையை நிறுத்திவிட்டால், இந்தச் சாலையில் தயங்காமல் கைகாட்டக்கூடிய தைலக் கடை இதுதான்.